உப்புப் பூத்த பெட்டி

நான் பரமக்குடிப் பக்கத்துப் பெண். கடல் என்றால் எங்களுக்கு ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போய் முங்கிவிட்டு வரும் இடம், அவ்வளவுதான். 1999 ஜூன் மாதம் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கரையோர ஊரின் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்து சேர்ந்தேன். வந்த மாதமே ஒரு விடுப்புக் கடிதத்தைத் தப்பாகப் படித்தேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் கடிதம் நீட்டினாள். "அம்மா மரிக்கொழுந்து எடுக்கப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன்" என்று எழுதியிருந்தது. மரிக்கொழுந்து என்றால் எனக்குத் தெரிந்தது மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் வாசனைக் கொழுந்து. "உங்க அம்மா பூ வியாபாரமா?" என்று கேட்டேன். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்காமல், "அது பூவு இல்ல டீச்சர், பாசி. கடலுக்குள்ள இருக்கும்" என்றாள்.

மறுநாள் ஒரு கை நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கம்பி மாதிரி முறுகிக்கொண்டு, கருஞ்சிவப்பும் பழுப்புமாக, கவிச்சி அடித்தது. கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கக் கண்ணாடித் தட்டுத் தட்டாக அகர் ஊற்றியவள் நான். "அகர் எதிலிருந்து கிடைக்கிறது? சிவப்புப் பாசியிலிருந்து" என்று எத்தனையோ முறை ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்தச் செடியைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி இதைப் பிடுங்கி வருகிற பெண்கள் எல்லாரும் என் மாணவர்களின் அம்மாக்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் வந்தது அடுத்த வருடம். சவூதியில் வேலை பார்த்த முன்னாள் மாணவர் ஒருவர் இரண்டு பெட்டிகள் வாங்கித் தந்தார். வண்டியில் வந்து இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. தலைமை ஆசிரியர் ஒரு வகுப்பறையைக் காலி செய்தார். ஜன்னல்கள் அடைக்கப்பட்டன, தரைக்கு விரிப்பு வந்தது. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். பெட்டிகளுக்குப் பச்சை வெல்வெட்டில் உறை தைத்தோம். கதவுக்கு மேல் ‘கணிப்பொறி அறை’ என்று பெயர் எழுதி, பெரிய பூட்டாகப் போட்டு, "நீங்கதான சயின்ஸ் டீச்சர்?" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அறிவியல் படித்தவளுக்கு ஃபியூஸ் போடவும், ரேடியோ ரிப்பேர் பார்க்கவும், கம்ப்யூட்டர் ஓட்டவும் தெரிந்திருக்கும் என்பது பள்ளிக்கூடங்களில் இன்றுவரை உள்ள நம்பிக்கை.

எனக்கு அதை ஒழுங்காக நிறுத்தக்கூடத் தெரியாது. ஒரு நாள் நேராகச் சுவிட்சை அணைத்துவிட்டேன். மறுநாள் போட்டதும் நீலத் திரையில் வரிவரியாக இங்கிலீஷ் ஓடியது. தவறாக நிறுத்தியதற்காக வட்டைச் சோதிக்கிறேன் என்பதை அது கொஞ்சம் அதட்டலாகச் சொன்னது. ஏதோ பெரிய சேதம் பண்ணிவிட்டேன் என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பயத்தில்தான் பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எனக்கே தெரியாத ஒன்றை அவர்கள் உடைத்துவிட்டால் என்ன பதில் சொல்வது? வாரத்தில் ஒரு பாடவேளை வரிசையாக உள்ளே அழைத்துப் போவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். "இது மானிட்டர், இது கீபோர்டு, இது மவுஸ்." முடிந்தது பாடம். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பவர் பட்டனிலேயே யாரோ தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்ததால், காய்ந்த பிறகு அது அமுங்க மறுத்தது. குண்டூசியால் சுரண்டி எடுத்தேன்.

முழுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை. ஜூனில் கதவைத் திறந்து உறையை எடுத்து, சாமி கும்பிட்டு, சுவிட்சைப் போட்டால் ஒன்றுமில்லை. இரண்டுமே அசையவில்லை. வெளியே கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக் காலத்தில் எங்கள் ஊரில் கண்ணாடி போட்டவர்கள் மணிக்கு ஒருமுறை துடைத்துக்கொள்ள வேண்டும், உப்பு படியும். அடைத்த ஜன்னல் இடுக்கு வழியாக அது அறைக்குள்ளும் வந்திருந்தது.

ராமநாதபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதை யாரு டீச்சர் கடல்ல போட்டு எடுத்தது?" என்றான். உள்ளே, பித்தளைக் குடத்தில் பிடிக்குமே பச்சைக் களிம்பு, அது பூத்திருந்தது. திருகாணிகள் துருவேறி இருந்தன. நினைவகப் பட்டையைப் பிடுங்கி, என் மேசையிலிருந்த அழிரப்பரை எடுத்து, அதன் பல் வரிசையைத் தேய் தேய் என்று தேய்த்தான். கறுப்பாக அழுக்கு உதிர்ந்தது. திரும்பச் செருகிப் போட்டதும் ஒன்று உயிர் பெற்றது. மற்றது போனது போனதுதான்.

போகும்போது அவன் சொன்னதை நான் அப்போதே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்: "கடலோரத்துல மெஷினை ஓட்டிக்கிட்டே இருக்கணும் டீச்சர். ஓடுனா சூடு இருக்கும், சூடு இருந்தா ஈரம் நிக்காது. மூடி வச்சீங்கன்னா உப்பு தின்னுரும்."

ஆக, அந்தப் பெட்டியைக் கொன்றது பிள்ளைகளின் கை இல்லை, என் பூட்டு. நாற்பது பிள்ளைகள் தினமும் தட்டியிருந்தால் அது இன்னும் நாலு வருடம் ஓடியிருக்கும். தலைமை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "சரி, திறந்து விடுங்க. ஆனா செருப்பு வெளியதான்" என்றார்.

அதே காலத்தில் ஒருவர் பள்ளிக்கு வந்தார். மாணவன் ஒருவனின் அப்பா, நாட்டுப்படகு வைத்திருந்தார், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. "பயலுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியலங்கிறான், நீங்க பாருங்க டீச்சர்" என்றார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் நேரக் கணக்கை வைத்து அது நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கையில் பிடித்துப் பார்த்தது அப்போதுதான். இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து பட்டன் பட்டனாக அழுத்திப் பார்த்தோம். இடத்தைக் குறித்து வைக்கும் பட்டன் எது, குறித்த இடத்துக்குத் திரும்பப் போகும் பட்டன் எது என்று பிடிபட அரைமணி நேரம் ஆனது. 

"இது இல்லாம முன்னாடி எப்படிப் போனீங்க?" என்று கேட்டேன். கரையிலிருக்கும் ஒரு கோபுரத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர் வைத்து, இன்னொரு பக்கம் தீவின் மூக்கை ஒரு மரத்தோடு நேர் வைத்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் படகை நிறுத்துவார்களாம். அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கும். பாருக்கு மேலே வலை போட்டால் கிழியும், ஓரத்தில் போட்டால் மீன். அட்சரேகை, தீர்க்கரேகை என்று நான் நடத்துவதைத்தான் அவர் கோபுரத்தையும் பனையையும் வைத்துச் செய்திருக்கிறார். "பனை இருந்தா இது எதுக்கு? பனையை வெட்டிட்டாங்க, செல்போன் டவர் வச்சிட்டாங்க. டவரையும் நாளைக்கு எடுத்துருவாங்க" என்றார். 1974, 1976 ஒப்பந்தங்களில் இலங்கைக்கும் நமக்கும் இடையே கடலில் கோடு போட்டார்கள். கோடு தண்ணீரில் தெரியாது, கருவியில்தான் தெரியும் என்பதும் அவர் சொன்ன இன்னொரு காரணம்.

நான் கவனித்தது அவர் கையை. ஈரம், உப்பு, மீன் செதில். அந்தக் கையால்தான் அந்தக் கருவியை எடுத்தார், அமுக்கினார், கைலியில் துடைத்து மறுபடி கவரில் போட்டார். வெல்வெட் உறையெல்லாம் எனக்கு அப்புறம் தேவைப்படவில்லை.

இணையம் எங்கள் ஊருக்கு வரும் முன்னால் நான்தான் இணையத்திடம் போனேன். 2003-இல் பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாள். நாற்பது பிள்ளைகளின் பதிவெண்களை எழுதிக்கொண்டு பஸ் ஏறி ராமநாதபுரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உள்ளே தட்டி மறைத்த சின்னச் சின்ன அறைகள், வெளியே வாத்தியார்களும் அப்பாக்களுமாக வரிசை. மோடம் கூவி, கரகரத்து, கடைசியில் இணைப்புக் கிடைக்கும். ஒரு எண்ணை அடித்து விட்டுக் காத்திருந்தால் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும். பெயர் தெரியும், தமிழ் மார்க் தெரியும், கணக்கு வரும்போது நின்றுவிடும். நாற்பது பேருக்கு மூன்று மணி நேரம் ஆனது. சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். நிறுத்தத்தில் ஊரே நின்றது. பஸ் வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்து வாசித்தேன். எல்லாரும் என்னைச் சுற்றி நின்ற அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. இன்று முடிவு குறுஞ்செய்தியாக அவரவர் போனுக்கே போகிறது. நல்லதுதான். தோற்ற பிள்ளை ஊர் நடுவில் நின்று கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு மூன்று பிள்ளைகளின் பெயரை வாசிக்காமல் தாண்டினேன். தாண்டியதிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று பிரவுசிங் சென்டரில் கட்டிய காசுக்கு இன்னும் பத்து நிமிடம் மீதி இருந்தது. என்ன தேடுவது என்று தெரியவில்லை. சட்டென்று அந்த விடுப்புக் கடிதம் ஞாபகம் வந்தது. மரிக்கொழுந்து என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். வாசனைக் கொழுந்து மட்டும் வந்தது. கடல் பற்றி, பாசி பற்றி எதுவுமில்லை. ஊருக்கு வந்த பிறகு ஒரு தாவரவியல் புத்தகத்தில் அதன் அறிவியல் பெயரைத் தேடிப் பிடித்தேன்: ஜெலிடியெல்லா அசரோசா. அடுத்த முறை போனபோது அதை அடித்தேன். கொட்டியது. அத்தனையும் இங்கிலீஷில். அகர் எவ்வளவு கிடைக்கும், எந்த மாதத்தில் எடுத்தால் தரம் நன்றாக இருக்கும், மன்னார் வளைகுடாவின் எந்தத் தீவைச் சுற்றி எவ்வளவு உண்டு. பல கட்டுரைகளின் முகவரியைப் பார்த்தால் மண்டபம்! 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் பல வருடம் தலைமையிடமே மண்டபம் முகாம்தான். எங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்.

இதை நினைத்துப் பல நாள் உள்ளுக்குள் குமைந்தேன். என் மாணவியின் அம்மா பிடுங்கிய பாசி, பக்கத்து ஊர் ஆய்வகத்துக்குப் போய், இங்கிலீஷாகி, எங்கோ ஒரு நாட்டுக் கணினியில் உட்கார்ந்து, ராமநாதபுரத்துத் தட்டி அறையில் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. வழியில் மரிக்கொழுந்து என்ற பெயர் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. இணையம் என்றால் வெளியுலகத்து அறிவு நம் கரைக்கு வரும் வாசல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கரையே அதில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதனால்தான் 2004-இல் அந்த வேலையைத் தொடங்கினோம். பிழைத்திருந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில் பாசிகளின் பட்டியல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வருவார்கள், நான் அடிப்பேன். கட்டக்கோரை, கஞ்சிப் பாசி, பக்கோடா பாசி. கஞ்சிப் பாசியில் முன்பு கஞ்சி காய்ச்சுவார்களாம். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் தட்டில் துண்டு போட்டு வைப்பார்களே கடல்பாசி, அதுவும் இந்த அகர்தான் என்றதும் எங்கள் வகுப்பு முஸ்லிம் பிள்ளைகள் மறுநாள் டப்பாவில் கொண்டுவந்தார்கள். அன்று பாடம் நடக்கவில்லை. மூங்கில் மிதவை கட்டி 45 நாளில் அறுக்கும் வெளிநாட்டுப் பாசி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. வாங்கிய நிறுவனத்தின் பெயரால் ஊர் அதைப் பெப்சிப் பாசி என்றது. அதையும் பட்டியலில் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை. "அது நம்ம பாசி இல்ல டீச்சர்" என்றாள் ஒருத்தி. "காசு நம்ம வீட்டுக்குத்தான வருது" என்றான் மிதவை வைத்திருந்த வீட்டுப் பையன். சேர்த்தோம்.

அடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கல்யாணத்துக்கு முன் பரமக்குடியில் தமிழ்த் தட்டச்சு லோயர் பாஸ் பண்ணியவள். ய, ள, ன, க என்று இடது கை விரல்கள் தானாகப் போய் உட்காரும். அந்தக் காலப் பாமினி எழுத்துருவும் தட்டச்சுப் பலகை மாதிரியே இருந்ததால் என் விரல்களுக்குப் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் தட்டச்சு என்பது எழுத்தை வரைவது. ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். தமிழ்99 அப்படி இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் இருந்தால் 247 எழுத்தும் வந்துவிடும். க போட்டு ஒ போட்டால் கொ. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் ‘அம்மா’. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பில் உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அதை அப்படியே விரலால் செய்வது. பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இன்றுவரை விரல் கொம்பைத் தேடித்தான் போகிறது.

பட்டியலை ஒரு ஃபிளாப்பியில் வைத்தோம். அடுத்த கச்சான் காற்றில் ஃபிளாப்பிக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து அது போய்விட்டது. நல்ல வேளையாக, அதற்கு முன்பே பிரவுசிங் சென்டரில் என் மின்னஞ்சலுக்கு நானே அதை ஒரு முறை அனுப்பியிருந்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் எனக்கே அனுப்பிய கடிதம்!

2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. சில மடிக்கணினிகள் ஒரே மாதத்தில் விற்பனைக்குப் போயின, பலவற்றில் சினிமா ஓடியது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் காலத்தில் தையல் மெஷின் வந்த வீட்டில் எல்லாரும் ஜாக்கெட்டா தைத்தார்கள்? ஒரு பையன் மட்டும் அப்பாவின் மீன் கணக்கை எக்செலில் ஏற்றத் தொடங்கினான். நகரை இவ்வளவு, விளமீன் இவ்வளவு, நண்டு இவ்வளவு, வியாபாரி கொடுத்த விலை, முன்பணத்துக்குப் பிடித்தது. மூன்று மாதக் கணக்கைக் கூட்டி, வெளியே விற்றிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று வண்ண வண்ணமாகப் படம் போட்டு அப்பாவிடம் காட்டியிருக்கிறான். அவர் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெட்டி வேணுமா? எனக்குத் தெரியும்ல" என்றாராம். முன்பணம் வாங்கியவர் வேறு இடத்தில் விற்க முடியாது, அதுதான் ஏற்பாடு. பையன் என்னிடம் வந்து முகம் தொங்கிப்போய் நின்றான். கணக்குத் தெரியாமல் அவர் ஏமாறவில்லை, கணக்குத் தெரிந்தும் வழியில்லாமல் இருக்கிறார் என்பதை எக்செலில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பையனிடம்தான் என் பழைய மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னேன். திறந்தான். "டீச்சர், இது என்ன பாஷை?" திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஓடியது. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ‘தமிழ்’. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் என்ற சொல் அப்படித்தான் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் நாங்கள் அடித்தது தமிழே அல்ல, இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம். 2010-இல் அரசே ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு, மாறச் சொன்னது ஏன் என்று ஆணையைப் படித்தபோது புரியாதது, அந்த ஒற்றை வரியைப் பார்த்தபோது புரிந்தது. அவன் எங்கோ ஒரு மாற்றியைத் தேடிப் பிடித்து, மேல் பெட்டியில் கொட்டிக் கீழ்ப் பெட்டியில் அள்ளினான். கட்டக்கோரை வந்தது. கஞ்சிப் பாசி வந்தது. ஒன்றிரண்டு கொம்புகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, கையால் சரி செய்தோம்.

உற்சாகத்தில் அவன் அதை இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தான். சில நாளில் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று யாரோ குறிப்பு வைத்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் தப்பில்லை, எழுதியது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "எங்க அம்மான்னு போடலாமா டீச்சர்?"

இதற்கிடையில் என் கையிலிருந்த சாவி எங்கே போனது என்றே தெரியவில்லை. அறையின் பெயர் ‘கணினி ஆய்வகம்’ ஆகி, பிறகு ‘உயர் தொழில்நுட்ப ஆய்வகம்’ ஆனது. பெயர் நீளமாக ஆக என் வேலை குமாஸ்தா வேலையாகிக்கொண்டே வந்தது. வருகைப் பதிவு ஏற்று, செருப்பு அளவு ஏற்று, சத்து மாத்திரை எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று ஏற்று. காலையில் சிக்னல் தேடி மொட்டை மாடிப் படியில் நிற்கும் டீச்சரைப் பார்த்தால் மழைக்கு வானம் பார்ப்பவள் மாதிரி இருக்கும். இதைப் பற்றி நிறையப் புலம்பலாம். எல்லா ஆசிரியர்களும் புலம்பிவிட்டார்கள், விடுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போனது, நாங்கள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினோம். 38 பிள்ளைகளில் 22 பேர் சேர்ந்தார்கள். காலை பத்து மணிக்கு நான் ஒளிச்சேர்க்கை நடத்தினால் ஐந்து பேர் பார்ப்பார்கள். மற்றவர்கள் எங்கே என்று ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டு எண்ணில் பேசினேன். "போன் கடலுக்குப் போயிருக்கு டீச்சர்" என்றாள் பிள்ளை. வீட்டுக்கு ஒரு போன், அது அப்பாவோடு படகில். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்குச் சிக்னல் உண்டு, அதற்கப்புறம் கிடையாது. பாடம் நடுக்கடலில் வந்து இறங்காமல் காத்துக் கிடக்கும்.

அதனால் நேரத்தை மாற்றினேன். யாரையும் கேட்டு மாற்றவில்லை. படகு கரை சேர்ந்து, மீன் போட்டு, வலை எடுத்து, போன் வீட்டுக்கு வர ராத்திரி எட்டு மணி ஆகும். எட்டரைக்குக் குரல் பதிவாகப் பாடம் அனுப்பினேன். காணொளி வேண்டாம், காசு தின்னும். கேள்விகள் ஒன்பது மணிக்கு மேல் வரும், அதுவும் குரலில். பின்னணியில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம், தம்பியின் அழுகை, நாய். ஒரு பையன் விடிகாலை மூன்று மணிக்குப் பதில் அனுப்புவான், அப்பா கிளம்பும் முன். ஒரு நாள் அவன் பதிவில் நடுவில் பெரியவர் குரல்: "இலை வெளிச்சத்துல சாப்பாடு செய்யுதுன்னா, பாசியும் அப்படித்தானா? ஆழத்துல இருட்டுல்ல?" இருபது வருடச் சர்வீஸில் வகுப்பறைக்குள் இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. சிவப்புப் பாசியின் நிறமிகள் ஆழத்துக்கு இறங்கும் நீல, பச்சை வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று இரண்டு நிமிடம் பேசி அனுப்பினேன். மறுநாள் அந்த அப்பாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

போன வருடம் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட ஒரு பெண் வந்தாள். 1999-இல் எனக்கு மரிக்கொழுந்தைக் கொண்டுவந்து காட்டிய அதே பிள்ளை. இப்போது அவளும் பாசிக்குப் போகிறாள், அவள் மகள் என் வகுப்பில். விரல் நுனிகளில் அம்மாவுக்கு இருந்த அதே வெட்டுத் தழும்புகள். போனில் காற்றுக் காட்டும் செயலியைத் திறந்து, அம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அமாவாசையை ஒட்டி நீர் வற்றும் நாள்கள், நாளைக்குப் போகலாமா என்று கணக்கு.

"எழுதவெல்லாம் வேணாம் டீச்சர், இப்பக் கேட்டாலே சொல்லுது" என்று போனை வாயருகே கொண்டுபோய், "மரிக்கொழுந்து என்ன விலை?" என்று கேட்டாள். திரையில் பச்சைப் பசேலென்று வாசனைக் கொழுந்துக் கட்டு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்கள மாதிரியே டீச்சர். இதுவும் பூவைத்தான் காட்டுது."

மகள் போனைப் பிடுங்கினாள். "பாசின்னு சேத்துச் சொல்லணும்மா, அப்பத்தான் அதுக்குப் புரியும்" என்று, வாயை நன்றாகத் திறந்து, "பாசி என்ன விலை?" என்றாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சிவப்பும் நீலமுமாகக் கழுத்தில் போடும் பாசிமாலைகள் வரிசையாக வந்தன, விலையோடு.